யார் கை சுருங்கினால் அரசு அசையும்?

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. ஜிஎஸ்டி மன்றத்தின் 37ஆவது கூட்டத்துக்காக மாநில நிதியமைச்சர்கள் கோவாவில் கூடியிருந்தார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் செய்தியாளர்களை அழைத்து, நிறுவனங்களின் வருமான வரி அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைகிறது என்றார். புதிதாக உற்பத்தி தொடங்கும் நிறுவனங்களுக்கு 15. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு குறையும் என்பதையும் அவரே சொன்னார். நாடாளுமன்றம் அப்போது நடக்கவில்லை. அவசரச் சட்டமே போதுமானதாக இருந்தது. அன்று மாலைக்குள் சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறியது. பத்தாண்டுகளில் ஒரே நாளில் அவ்வளவு ஏற்றத்தைச் சந்தை பார்த்ததில்லை.

இந்தச் சலுகை எந்த நோய்க்கான மருந்து என்பதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் பொருளாதார வளர்ச்சி 5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. வண்டிகள் விற்கவில்லை. அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலைக்கு அந்தச் செப்டம்பரில் மட்டும் 16 நாள் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தால் நாடு முழுதும் அறியப்பட்ட பார்லே நிறுவனம், நிலைமை இப்படியே நீடித்தால் பத்தாயிரம் பேர் வரை வேலையிழக்க நேரலாம் என்று ஆகஸ்டில் எச்சரித்திருந்தது. ஜிஎஸ்டிக்கு முன்பு கிலோ நூறு ரூபாய்க்குக் குறைந்த பிஸ்கட்டுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி 18 ஆகிவிட்டது, அதைக் குறையுங்கள் என்பது அந்தத் தொழிலின் கோரிக்கை. ஆக, நோய் வெளிப்படையானது: மக்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். மருந்தோ, விற்பவர்களின் லாபத்துக்குப் போனது.

அன்றைய ஜிஎஸ்டி கூட்டமும் வெறுங்கையோடு கலையவில்லை. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதி அறைகளுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. பிஸ்கட்டின் 18 அப்படியே இருந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் தேநீரில் நனைத்துத் தின்னும் பிஸ்கட்டும் நட்சத்திர விடுதியின் படுக்கையும் அன்று முதல் ஒரே வரி வரிசையில் நின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. திட்டமிடாமலே நடந்தது என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய விஷயம்.

நிறுவன வரிச் சலுகை எங்கே போயிற்று? மறு ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை, நிறுவனங்கள் அதைக் கடன் அடைக்கவும் கையிருப்பைப் பெருக்கவுமே பயன்படுத்தின, புதிய முதலீடு அதனால் சூடுபிடிக்கவில்லை என்று பதிவுசெய்தது. வாங்க ஆளில்லாதபோது எந்த முதலாளி புதிய ஆலை கட்டுவார்? 2018-19இல் சுமார் 6.6 லட்சம் கோடியாக இருந்த நிறுவன வரி வசூல் மறு ஆண்டு 5.6 லட்சம் கோடிக்கும், கொரோனா ஆண்டான 2020-21இல் 4.6 லட்சம் கோடிக்கும் இறங்கியது. அதே காலத்தில் ஒன்றியக் கலால் வரி வசூல் 2.3 லட்சம் கோடியிலிருந்து 3.9 லட்சம் கோடிக்கு ஏறியது. 2020 மே மாதம், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை விழுந்து கிடந்தபோது, பெட்ரோலுக்கு லிட்டருக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் வரியேற்றியதன் விளைவு அது. நிறுவன வரி குறைந்ததில் பெருந்தொற்றுக்கும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு பக்கம் விட்ட பள்ளத்தை மறுபக்கம் எந்த மண்ணைப் போட்டு நிரப்பினார்கள் என்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது. டீசல் விலை லாரி வாடகையாகி, வாடகை காய்கறி விலையாகி, கடைசியில் வந்து நின்றது அடுப்படியில்.

அரசியல் அதிகாரம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கிடைக்கிற பதில் ஒன்றுதான்: கட்சிக்குப் பணம் கொடுப்பவர் கையில். அந்தப் பதிலில் பெரும் உண்மை இருக்கிறது. 2017 நிதிச் சட்டம், நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற பழைய வரம்பை நீக்கியது. 2018இல் தேர்தல் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. யார் வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்பது பாரத ஸ்டேட் வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தையும் வரம்பு நீக்கத்தையும் சேர்த்தே செல்லாது என்றது. அதற்குள் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. தரவு வெளியான காலப்பகுதியின் பத்திரங்களில் ஏறத்தாழ பாதி பாரதிய ஜனதா கட்சிக்குப் போயிருந்தது.

பத்திரம் வாங்கியோர் பட்டியலின் முதல் பெயர் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. அதிகப் பத்திரம் வாங்கியது கோவையோடு தொடர்புடைய லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்: 1,368 கோடி ரூபாய். அதில் சுமார் 540 கோடி திரிணாமுல் காங்கிரசுக்கும், 500 கோடிக்கு மேல் திராவிட முன்னேற்றக் கழகத்துக்கும் போனது. பாஜகவும் காங்கிரசும் ஒய்எஸ்ஆர் காங்கிரசும் தத்தம் பங்கைப் பெற்றன. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. குடும்பங்கள் அழிகின்றன என்பதுதான் அன்று சொன்ன காரணம். ஆனால் மற்ற மாநிலங்களில் விற்ற சீட்டின் பணம், பத்திரமாக மாறி, சீட்டைத் தடுத்த மாநிலத்தின் ஆளுங்கட்சிக்கு வந்து சேர்வதற்குத் தடையேதும் இருக்கவில்லை. லாட்டரிச் சீட்டு வாங்குபவர் யார்? சுமை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், நாளைய பொழுது இன்றையதைவிட நன்றாக இருக்க வேறு வழி தெரியாதவர். அவருடைய சில்லறைச் செலவு ஓரிடத்தில் குவிந்து, குவிந்தது கட்சி அலுவலகத்துக்குப் போகிறது. செலவு செய்தவர் அந்த அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிறார். இந்தக் கட்டுரையின் பொருளான மூன்று விஷயங்களும், அதாவது நுகர்வும் செல்வக் குவிப்பும் அதிகாரமும், இவ்வளவு சுருக்கமாக ஒரே கோட்டில் வந்து நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இருந்தும் நன்கொடை என்ற பதில் எனக்குப் போதவில்லை. நாட்டின் மிகப் பெரிய இரண்டு தொழில் குழுமங்களின் பெயர் அந்தப் பத்திரப் பட்டியலில் நேரடியாக இல்லை. லாட்டரிக்காரரும் ஒப்பந்தக்காரரும் அரசாங்கத்தின் ஒரு கையெழுத்தில் வாழ்ந்து மறு கையெழுத்தில் விழக்கூடியவர்கள். அவர்கள் கொடுத்த பணத்தில் ஆசையோடு அச்சமும் கலந்திருக்கிறது. கொடுத்துத்தான் காரியம் சாதிக்க வேண்டியவரைவிட, கேட்காமலே காரியம் நடக்கப்பெறுகிறவர் வலியவர். 2019 செப்டம்பர் சலுகை எந்தவொரு நன்கொடையாளருக்கும் தனியாகத் தரப்பட்டதல்ல. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்தது. வியட்நாம் போன்ற நாடுகளின் வரி விகிதத்தோடு போட்டியிட வேண்டும், விதிவிலக்குகளை ஒழித்து விகிதத்தைக் குறைப்பது நல்ல வரிக்கொள்கை என்ற வாதங்களும் இருந்தன. அவை பொய்யான வாதங்களல்ல. கேள்வி வேறு: அத்தனை வாதங்கள் வரிசையில் நிற்கும்போது, நெருக்கடி வந்த வாரத்தில் எது முதலில் உள்ளே அழைக்கப்படுகிறது?

போலந்துப் பொருளியலாளர் மைக்கேல் கலெக்கி 1943இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதற்கு இன்றும் நல்ல விளக்கம். முதலீடு தனியார் கையில் இருக்கும்வரை, வேலைவாய்ப்பும் வருமானமும் முதலாளிகளின் ‘நம்பிக்கை’ என்ற ஒன்றைச் சார்ந்திருக்கும். அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் எதையும் செய்ய அரசு தயங்கும். ஆகவே யாரும் யாரையும் விலைக்கு வாங்காமலே முதலாளிகளுக்கு அரசின் மேல் ஒரு மறைமுகப் பிடி கிடைக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 1977இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் லிண்ட்ப்ளோம் இதையே வேறு கோணத்திலிருந்து விரித்தார். இருவர் சொன்னதோடும் நம் காலத்தின் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கை இப்போது நொடிக்கு நொடி அளக்கப்படுகிறது. பணக்காரரின் முகம் சுளித்தால் அது சென்செக்ஸாகத் திரையின் அடியில் சிவப்பில் ஓடுகிறது. ஏழையின் முகம் சுளித்தால் அது எங்கே பதிவாகிறது?

தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில்தான். அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. 2017-18க்கான கணக்கெடுப்பு முடிந்து, முடிவு வெளிவராமலே கிடந்தது. 2019 நவம்பரில் பிசினஸ் ஸ்டாண்டர்ட் நாளேடு அந்த அறிக்கையின் எண்களை வெளியிட்டது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஒருவர் மாதம் செய்யும் செலவு 2011-12இல் 1,501 ரூபாயாக இருந்தது, 2017-18இல் 1,446. ஊர்ப்புறங்களில் வீழ்ச்சி 8.8 விழுக்காடு. உடனேயே, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு அந்த ஆய்வையே கைவிட்டது. தரம் பற்றிய ஐயம் நேர்மையானதாகவே இருக்கட்டும். அப்படியானால் தரவை வெளியிட்டு, குறைகளையும் பக்கத்தில் எழுதியிருக்கலாம்; புள்ளியியலில் அதுதான் வழக்கம். இரண்டு மாத இடைவெளியில் நடந்தது இது: ஓர் எண் உயர்ந்ததை ஊடகம் முழுக்கக் கொண்டாடினார்கள், இன்னோர் எண் இறங்கியதை மூடிவைத்தார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் பருப்பு குறைந்தது என்பது அரசாங்கத்துக்குச் செய்தியாகப் போய்ச் சேரும் குழாயே அடைபட்டது.

நுகர்வோரே அரசர் என்று பொருளியல் பாடநூல் சொல்லும். வாடிக்கையாளரின் பெருமையைக் காந்தி பேசியதாக ஒரு வாசகம் வங்கிக் கிளைகளில் சட்டமிட்டுத் தொங்கும். அவர் அதைச் சொன்னதற்குச் சான்று யாரிடமும் இல்லை. செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு வாக்கு என்பது இந்தப் பாடத்தின் அடிப்படை. அப்படியே எடுத்துக்கொள்வோம். 2022-23இன் செலவுக் கணக்கெடுப்பு, பதினோரு ஆண்டு இடைவெளிக்குப்பின் வெளிவந்தது. ஊர்ப்புறத்தின் அடிமட்ட 5 விழுக்காட்டினர் ஆளுக்கு மாதம் 1,373 ரூபாய் செலவிட்டார்கள். நகரத்தின் உச்ச 5 விழுக்காட்டினர் 20,824 ரூபாய். வாக்குச் சாவடியில் இருவருக்கும் ஆளுக்கொரு வாக்கு. கடைத்தெருவில் ஒருவருக்குப் பதினைந்து. அந்த 20,824கூட உண்மையான உச்சம் அல்ல. கணக்கெடுப்பாளர் வாசல்மணியை அழுத்தினால் காவலாளி திருப்பி அனுப்பிவிடும் வீடுகள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு, ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டெண் 25.5 என்ற உலக வங்கித் தரவை எடுத்துக்காட்டி, உலகின் மிகச் சமத்துவமான நாடுகளில் இந்தியா நான்காவது என்று அறிவித்தது. அந்த எண் செலவை அளப்பது; அதுவும் பெரும் பணக்காரர்கள் விடுபட்ட செலவை. பிற நாடுகள் பலவற்றின் எண்ணோ வருமானத்தை அளந்தது. செல்வத்தை அளந்தவர்கள் கண்ட நாடு வேறு. நிதின் குமார் பார்த்தி, லூக்கா சான்செல், தோமா பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி ஆகியோர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் உச்ச ஒரு விழுக்காட்டினர் கையில் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு, கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து 6.4. வருமானத்திலும் உச்ச ஒரு விழுக்காட்டின் பங்கு 22.6, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததைவிட அதிகம். இந்த மதிப்பீடுகளின் முறையோடு சண்டையிடும் பொருளியலாளர்கள் உண்டு. வருமான வரித் தரவையும் கணக்கெடுப்பையும் ஒட்டவைத்துச் செய்த மதிப்பீடு என்பதால் சில புள்ளிகள் முன்னே பின்னே இருக்கலாம். 40ஐ 30 ஆக்கினாலும் சமத்துவத்தில் நான்காவது இடம் வராது.

செல்வம் இப்படிக் குவியும்போது கடைத்தெருவும் அதற்கேற்ப மாறுகிறது. ஒரு காலத்தில் மாருதி 800 எந்தக் குடும்பத்தின் கனவாக இருந்ததோ, அந்தக் குடும்பம் இன்று கார் சந்தையின் கணக்கில் இல்லை. ஐந்து லட்சத்துக்கும் குறைந்த கார்களின் விற்பனை 2024-25இல் ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. விற்கும் பயணிகள் வண்டிகளில் பாதி, உயரம் கூடிய எஸ்யூவிக்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் ஆண்டு வருமானமுள்ள சுமார் 12 விழுக்காட்டுக் குடும்பங்களை நம்பியே கார்த் தொழில் நடக்கிறது என்று மாருதி தலைவர் ஆர்.சி. பார்கவாவே 2025இல் சொன்னார். ப்ளூம் வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் 2025 அறிக்கை, விருப்பத்துக்குச் செலவழிக்கும் வர்க்கத்தை 13, 14 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. 140 கோடி பேரின் நாட்டில். விமானம், வீடு, கைப்பேசி என எங்கு பார்த்தாலும் வளர்ச்சி மேல்தட்டில். நாட்டு உற்பத்தியில் தனியார் நுகர்வின் பங்கு 60 விழுக்காட்டை ஒட்டியது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். வளர்ச்சி எண் யாருடைய செலவைச் சார்ந்திருக்கிறதோ அவர்கள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது எந்த ஆட்சிக்கும் தற்காப்பாகிவிடுகிறது. அதற்கு நன்கொடை தேவையில்லை, தொலைபேசி அழைப்புகூடத் தேவையில்லை.

வாக்குக்கு அதிகாரமே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். 2015இல் நில எடுப்பு அவசரச் சட்டத்தை மோடி அரசு கைவிட நேர்ந்தது. 2020இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை, தில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த விவசாயிகள், 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் வாயாலேயே திரும்பப் பெறவைத்தார்கள். அவர்கள் வென்றது நுகர்வோராக அல்ல. விளைவிப்போராக, சங்கமாக, பஞ்சாபிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் தேர்தல் நெருங்கிய நேரத்தில் கூட்டமாக. சிதறிக் கிடக்கும் வாங்குபவர்களுக்கு அப்படியொரு சங்கம் கிடையாது. பத்து ரூபாய் சோப்பை ஐந்து ரூபாய் அளவில் வாங்கத் தொடங்குவது ஒரு போராட்டம் என்று அவர்களுக்கே தெரியாது.

சிதறிய வாக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரொக்கம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை போகத் தொடங்கியது. அதற்கு 2024-25இல் சுமார் 13,700 கோடி. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கில் விழும் ஆயிரம், வீட்டுக்குள் அவள் நிலையைச் சற்றேனும் மாற்றுகிறது. அதே அரசுக்கு டாஸ்மாக் வழியாக 2023-24இல் வந்த வருவாய் 45,800 கோடியைத் தாண்டியது என்பதையும் அருகில் எழுதிவைக்க வேண்டும். கணவன் கையிலிருந்து போனதில் ஒரு பகுதி மனைவி கணக்குக்குத் திரும்புகிறது. மாநிலங்களுக்கு நிறுவன வரி விதிக்கும் உரிமை இல்லை, ஜிஎஸ்டிக்குப்பின் பொருள்களின் மேல் வரி விகிதத்தைத் தனியே தீர்மானிக்கும் உரிமையும் இல்லை. மிஞ்சியிருப்பவற்றில் பெரியவை சாராயமும் பெட்ரோலும் பத்திரப்பதிவும். செல்வத்தைத் தொடமுடியாத அரசு நுகர்வைத்தான் தொடும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் கணக்கு.

வாங்குவோர் பக்கம் காற்று திரும்பவே இல்லையா? திரும்பியது. 2024 தேர்தலில் பாஜக தனிப்பெரும்பான்மையை இழந்தது. 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று ஆனது. அமெரிக்கா 50 விழுக்காடு சுங்கம் விதித்து ஏற்றுமதியை நெரித்தபோது உள்நாட்டுச் சந்தையின் அருமை இன்னும் புரிந்தது. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தன, பிஸ்கட்டின் 18 விழுக்காடு 5 ஆயிற்று. ஒரு காலை அறிவிப்பில் நிறுவனங்களுக்குக் கிடைத்தது, பிஸ்கட் தின்பவருக்கு வந்துசேர ஆறு ஆண்டு எடுத்தது. அதிலும் முதலில் வந்தது ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் சம்பாதிப்பவருக்கான சலுகைதான்.

அதிகாரத்தை அளக்க இன்னோர் அளவுகோல் உண்டு. எது நடக்கிறது என்பதைவிட, எதைப் பேசவே முடிவதில்லை என்று பார்ப்பது. பீட்டர் பக்ராக், மார்ட்டன் பாரட்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1962இலேயே இதை அதிகாரத்தின் இரண்டாம் முகம் என்றார்கள். இந்தியாவில் இறந்தவரின் சொத்துக்கு வரி 1953இல் வந்தது. ஒரு கட்டத்தில் உச்ச விகிதம் 85 விழுக்காடு வரை போனது. வசூல் சொற்பம், செலவு அதிகம் என்று 1985இல் ராஜீவ் காந்தி அரசில் வி.பி. சிங் அதை நீக்கினார். ஆண்டுதோறும் செல்வத்துக்கு விதித்துவந்த வரியும் ஏறக்குறைய அதே காரணம் சொல்லி 2015இல் அருண் ஜெட்லி கையால் போயிற்று. வசூலிப்பது கடினம் என்பதற்காக வருமான வரியையோ ஜிஎஸ்டியையோ யாரும் நீக்கியதில்லை.

2024 ஏப்ரலில், தேர்தல் நடுவே, வெளிநாட்டுக் காங்கிரஸ் அமைப்பின் தலைவர் சாம் பித்ரோடா அமெரிக்காவில் சில இடங்களில் வாரிசுச் சொத்துக்கு வரி இருக்கிறது, நாமும் விவாதிக்கலாம் என்று பேட்டியில் சொல்லிவிட்டார். வாழும்போதும் செத்தபின்னும் உங்களைக் காங்கிரஸ் கொள்ளையடிக்கும் என்ற பொருளில் பிரதமர் மேடைமேடையாகப் பேசினார். அப்போது பதிவுபெற்ற வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி. அப்படியொரு வரி வந்திருந்தால் தீண்டியிருக்கக்கூடிய குடும்பங்கள் அதில் மிகமிகச் சிறு துளி. எதிர்க்கட்சி அந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். சில மணி நேரத்தில் காங்கிரஸ் தந்த பதில் வேறாக இருந்தது: எங்களுக்கு அப்படியொரு திட்டமே இல்லை, சொல்லப்போனால் 1985இல் அந்த வரியை ஒழித்தவர்களே நாங்கள்தான்.